முகம் சுளிக்காதே, தனம்

கல்லீரல் கெட்டவர்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் உட்காரப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பயமும் அழுகையும் பிறகுதான் வரும். முதலில் வருவது நாற்றம். நோயாளியின் மூச்சிலிருந்தே ஒரு வாடை வரும். மூடிவைத்த அலமாரிக்குள் பழம் அழுகினால் இனிப்பும் பூஞ்சையும் கலந்து அடிக்குமே, அதுதான். மருந்து வாடை என்றுதான் நான் சில நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லீரல் வடிகட்டாமல் விட்ட விஷம் மூச்சு வழியாக வெளியே வருகிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, அம்மாவின் பக்கத்தில் குனியும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மாவை இழந்தவர்கள் யாரும் இதை எழுதுவதில்லை. அவர்கள் எழுத்தில் தாய்மார்கள் தூங்குகிற மாதிரி போய்விடுகிறார்கள், போகும்போது தலையில் கைவைத்து ஆசீர்வாதம் வேறு செய்கிறார்கள். எங்கள் அம்மா வாளி வாளியாகவும் துணி துணியாகவும் போனாள். எனக்கோ சின்ன வயதிலிருந்தே அருவருப்பு அதிகம். பிறர் எச்சில் பட்ட டம்ளரைத் தொட மாட்டேன். மீன் கழுவுகிற இடத்தில் நிற்க மாட்டேன். தெருவில் யாராவது காறித் துப்பினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. மனதில் நினைப்பது அப்படியே மூஞ்சியில் எழுதியிருக்கும். அந்த மூஞ்சியை வைத்துக்கொண்டுதான் நான் அங்கே உட்கார்ந்தேன்.

அப்போது நான் அந்தமானின் வடக்கே, மாயாபந்தரில் டீச்சர். அப்பா போர்ட் பிளேரில், ஃபீனிக்ஸ் பே பட்டறையில் கப்பல் எஞ்சின் ஃபிட்டர். ரங்கூனிலிருந்து தமிழர்கள் எல்லாரும் கிளம்பிய காலத்தில் நாங்களும் கிளம்பி, மெட்ராஸில் முகாமில் கிடந்து, பிறகு இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தோம். அப்பாவுக்கு ராமநாதபுரம் பக்கம். அம்மா ரங்கூனில் பிறந்தவள். அவள் அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. அதனால் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பக்கம் முருகன் படம், இன்னொரு பக்கம் சின்னப் புத்தர் சிலை. அம்மா புத்தரைத்தான் கும்பிடுவாள், முருகனுக்கும் மரியாதை குறையாமல் பூ வைப்பாள். அப்பாவின் அக்கா ராக்கு அத்தை எங்களோடேயே இருந்தாள். புருஷன் செத்த பிறகு தம்பி வீடே கதி என்று வந்தவள். அம்மாவோடு தினமும் ஒரு சண்டை போட்டுவிட்டு, அவள் தலையில் பேன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அம்மாவுக்கு வயிறு வீங்குகிறது, உடனே வா என்று அப்பா தந்தி கொடுத்தார். கப்பலில் டெக் முழுக்க ஆடு, கோழி, வாந்தி. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கான்ட்ராக்டர் ஒருவர் வாந்தி எடுத்துவிட்டு, வாய் துடைத்த அதே கையால் ஆரஞ்சு உரித்து எனக்கு நீட்டினார். நானும் கடலை எட்டிப் பார்த்துத் தொண்டை வற்றும்வரை எடுத்தேன். ஃபீனிக்ஸ் பேயில் இறங்கும்போது என் புடவையில் யாருடையதோ ஒட்டியிருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தன் துண்டைக் கொடுத்தார்.

பெண்கள் வார்டில் ஜன்னலோரப் படுக்கையில் அம்மா கிடந்தாள். கண் மஞ்சள், கை குச்சி, வயிறு மட்டும் நிறைமாதக்காரிக்குப் போல முன்னால் நின்றது. அத்தைக்கு அதில் ஒரே வெட்கம். "பேரன் எடுக்குற வயசுல இது என்ன வயிறு. போத்திக்க தங்கம், நாலு பேரு பாக்குறாக" என்று போர்வையை இழுத்து இழுத்து விட்டாள்.

டாக்டர் வங்காளி, நல்ல பொறுமைசாலி. இந்தியில் நிதானமாகச் சொன்னார். வியாதிக்கு சிரோசிஸ் என்று பெயர். மெத்தென்று இருக்க வேண்டிய கல்லீரல் முழுக்கத் தழும்பு விழுந்து சுருங்கி இறுகிப்போகிறது. அதன் வழியாகப் போக வேண்டிய ரத்தம் வழியில்லாமல் முட்டுகிறது. அந்த அழுத்தத்தில் நீர் கசிந்து வயிற்றில் தேங்குகிறது. உப்பைக் குறைத்தால் நீர் குறையும். தழும்பான கல்லீரல் மட்டும் திரும்பி வராது.

பக்கத்துப் படுக்கைக்குத் துணையாக இருந்த பெண் இதைக் கேட்டுவிட்டு, "தாரு பீத்தி தீ கியா?" என்று என்னிடம் கேட்டாள். குடிக்கிறவளா என்று! அம்மா சின்ன வயதில் புத்த மடத்தில் ஐந்து சீலம் என்ற உறுதிமொழி எடுத்தவள். போதை தரும் எதையும் தொடுவதில்லை என்பது அதில் ஒன்று. இருமல் மருந்தில்கூட ஏதாவது கலந்திருக்குமோ என்று முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பாள். குடிகாரர்களுக்கு வரும் வியாதி அவளுக்கு வந்ததைவிட, அதைக் கேட்டவளின் வாயில் குதப்பிக்கொண்டிருந்த வெற்றிலைதான் அப்போது எனக்கு அதிக வெறுப்பாக இருந்தது. ரங்கூனில் ஒருமுறை அம்மாவுக்குக் கடுமையான காமாலை வந்ததை அப்பா சொன்னதும், அதிலிருந்தே தொடங்கியிருக்கலாம் என்றார் டாக்டர்.

வயிற்று நீரை அவ்வப்போது எடுத்தார்கள். தொப்புளுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த குழாய் ஊசியைச் செருகி, ரப்பர் குழாயின் மறுமுனையை வாளியில் விடுவார்கள். வைக்கோல் ஊறின தண்ணீர் நிறத்தில் நீர் இறங்கும். நுரைக்கும். வாளி மாற்றுவார்கள். அம்மாவுக்கு மூச்சு லேசாகி, முகத்தில் ஒரு தெளிவு வரும். எனக்கு அந்த நுரையைப் பார்த்தால் குமட்டும். சில நாளில் வயிறு பழையபடி நிரம்பிவிடும்.

அப்படி ஒருநாள் நீர் எடுத்து முடித்த பிறகு, கசிந்த துணியை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டிருந்த என்னை அம்மா கூப்பிட்டாள்.

"தனம், நான் சாகுறப்ப நீ இப்படி மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்காத."

"யாரு சாகப்போறா? சும்மா இரும்மா."

"கேளு. கடைசியா மனசுல என்ன நிக்குதோ, அதப் புடிச்சிக்கிட்டுத்தான் அடுத்த பொறப்பு. கோவம் நின்னா கீழ போகணும். ஆச நின்னா பேயா அலையணும். ஒன் மூஞ்சியப் பாத்தா எனக்கு என்ன தோணுது தெரியுமா? நான் ஒரு அசிங்கம்னு தோணுது. அந்த நெனப்போட நான் போகக் கூடாது."

கையிலிருந்த துணியை வாளியில் போட்டேன். அவள் விடாமல் சொன்னாள்.

"யாரும் அழக் கூடாது. என்ன வேணும்னு கேக்கக் கூடாது. ஆசையக் கிளப்பிவிட்ற மாதிரி ஆயிடும். புள்ளைங்க மேல இருக்குற ஆசதான் கழட்டவே வராத முடிச்சு. அதனால நீ என்னப் புடிச்சிக்கிட்டுத் தொங்காத. நான் பொங்கிகளுக்குச் சோறு போட்டத, துவராடை வாங்கிக் குடுத்தத, அதெல்லாம் மெதுவா காதுல சொல்லு. போதும். மூஞ்சிய மட்டும் சுளிக்காத."

பொங்கி என்றால் பர்மாக்காரர்களின் பேச்சில் பிக்கு, துவராடை அவர்கள் உடுத்தும் காவித் துணி. அன்றிலிருந்து நான் என் மூஞ்சியைப் பழக்கத் தொடங்கினேன். பல்லைக் கடித்து, மூக்கை இறுக்காமல், புருவத்தைத் தூக்காமல். பெட்பான் எடுக்கும்போதும், வாயைத் துடைக்கும்போதும், புண்ணாகிப்போன முதுகுக்கு மருந்து போடும்போதும் பொம்மை மாதிரி வைத்துக்கொண்டேன். உள்ளே எல்லாம் அப்படியேதான் இருந்தது. அம்மாவின் உடம்பிலிருந்து வந்த ஒவ்வொன்றையும் நான் வெறுத்தேன். அம்மாவை வெறுக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று அந்த வார்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

மற்றவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அப்பா பட்டறையில் தகரம் வெட்டி, வாளிக்கு வாடை வராதபடி ஒரு மூடி செய்து கொண்டுவந்தார், கைப்பிடிகூட வைத்து. அது எனக்காகத்தான் என்று இருவருக்கும் தெரியும். அத்தை அழுக்குத் துணிகளை மூட்டையாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் அடித்துத் துவைத்து, வெயிலில் காயவைத்து, விறைப்பாக மடித்துக் கொண்டுவருவாள். கையை முகர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்.

அத்தை வந்தால் பேச்சு செத்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் போகும். ஆஸ்பத்திரியில் அதைப் பேசக் கூடாது என்ற இங்கிதமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

"ஆத்மாவே இல்லங்குறே. அப்ப எதுடி போயி பொறக்கும்?"

"இந்த விளக்குலருந்து அந்த விளக்க ஏத்துனா, எது போச்சு மதினி?"

"எண்ணெ போச்சு" என்றாள் அத்தை.

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலித்தது, ஆனாலும் சிரித்தாள். அம்மா கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

அம்மா கேட்டுக்கொண்டபடி ஒரு பிக்குவை அழைத்து வந்தோம். முப்பது வயதுகூட இருக்காது. தாடையில் பரு. மத்தியானத்துக்கு முன் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் கடிகாரத்தை அடிக்கடி பார்த்தார். அவர் பாலி மொழியில் ஓதியதற்கு அம்மா எனக்குத் தமிழில் அர்த்தம் சொன்னாள். தலைமயிர், நகம், பல், தோல், கல்லீரல், பித்தம், சளி, சீழ், மூத்திரம். உடம்பு இவ்வளவுதான், இதன்மேல் பற்று வைக்காதே என்பதற்காக ஓதுவது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த வார்டில் கண்ணைத் திறந்தால் போதும், அதற்கு ஒரு ஓதல் வேறா? அம்மாவோ கண்ணை மூடிக்கொண்டு, பிடித்த பாட்டைக் கேட்கிறவள் மாதிரி படுத்திருந்தாள். கல்லீரல் என்று வந்த இடத்தில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

அதன் பிறகுதான் நிலைமை மோசமானது. பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் முழிப்பு. சோப்பை எடுத்துக் கடித்தாள். புடவையை அவிழ்த்துவிட்டு வெளியே நடக்கப் பார்த்தாள். டாக்டர் அம்மாவின் இரண்டு கையையும் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி நீட்டி வைக்கச் சொன்னார். கை நிற்கவில்லை. மணிக்கட்டு மடிந்து மடிந்து விழுந்தது. கல்லீரல் சுத்தம் செய்யாத ரத்தம் மூளைக்குப் போகிறது என்றார். நாம் சாப்பிடும் மீனும் முட்டையும் பருப்பும் குடலில் சிதையும்போது ஒரு விஷம் உண்டாகும், நல்ல கல்லீரல் அதை முறித்துவிடும், இது முறிக்காது. அதனால் அவையெல்லாம் நின்றன. குடலைக் காலி செய்ய எனிமா கொடுத்தார்கள். அந்த நாட்களைப் பற்றி எழுத மாட்டேன். நான் பொம்மை முகத்தோடு எல்லாவற்றையும் துடைத்தேன்.

அம்மா என்னை சிஸ்டர் என்று கூப்பிடத் தொடங்கினாள்.

"சிஸ்டர், எம் பொண்ணு மாயாபந்தர்ல டீச்சர். கப்பல் வந்துருச்சா?"

"நான்தாம்மா தனம்."

கண்ணை இடுக்கி என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "இல்ல, நீங்க இல்ல" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். அப்பாவை அடையாளம் தெரிந்தது. அத்தையைப் பார்த்தால் "மதினி" என்றாள். இரவும் பகலும் கூடவே கிடந்த என்னைத்தான் தெரியவில்லை. கூடவே கிடந்ததற்குப் பலன் இதுதானா என்று வியாதியின் மேல் காறித் துப்பலாம் போலிருந்தது. காதில் போய் துவராடை, சோறு என்று அவள் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் சொன்னேன். "சிஸ்டருக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

அத்தைக்கு வேறு கவலை. இவ்வளவு மோசமாகியும் உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறதே, ஏதோ ஆசை பாக்கி இருக்கிறது என்று முடிவு கட்டினாள். எங்கள் ஊர்ப் பக்கம் அப்படித்தான். இழுத்துக்கொண்டு கிடப்பவர்களுக்கு மண்ணாசை இருக்கும் என்று மண்ணைக் கரைத்தும், பொன்னாசை இருக்கும் என்று நகையை உரசியும் வாயில் விடுவார்கள். சௌல்தாரியில் அப்பா வாங்கிப் போட்டிருந்த துண்டு நிலத்திலிருந்து மண் கொண்டுவந்து டம்ளரில் கரைத்துக்கொண்டு வந்து நின்றாள். மேலே ஒரு புழு மிதந்தது.

"இத வாய்ல ஊத்தப் போறீங்களா?"

"ரெண்டு சொட்டுடி. நெஞ்சு நனைஞ்சா நிம்மதியாப் போயிருவா."

டம்ளரைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினேன். மறுநாள் தன் மூக்குத்தியைக் கழற்றி உரசிக்கொண்டு வந்தாள். அதையும் வீசினேன், தண்ணீரை மட்டும்.

"என்ன வேணும்னு கேக்கவே கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கா அத்தை. ஆசையோட போனா பேயா அலையணும்னு சொன்னா."

"ஆச தீராமப் போனாத்தான்டி அலையணும்" என்றாள் அவள். "குடுத்துத் தீக்கிறத விட்டுட்டு, கேக்காதேன்னா தீந்துருமா?"

நான் காலி டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். பிறகு அம்மாவே தூக்கத்தில் முனக ஆரம்பித்தாள். அப்பா குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஙப்பி கேக்குறா" என்றார்.

ஙப்பி பர்மாக்காரர்களின் சமையலில் உயிர். மீனை உப்பிட்டு அழுகவிட்டு அரைத்து வைத்த சாந்து. அதன் நாற்றத்தை எழுத என்னிடம் சொல் இல்லை. நான் வீட்டில் இருக்கும்போது அம்மா அந்த ஜாடியைத் திறக்கவே மாட்டாள். லீவு முடிந்து நான் கப்பலேறிய பிறகு திறப்பாளாம். அத்தைக்கும் அது ஆகாது. "அழுகப்போட்டுத் திங்கிற ஜாதி" என்று ரங்கூனிலிருந்தே ஏசுவாள்.

உப்பும் மீனும் சேர்ந்தது. கூடாது என்ற இரண்டும் ஒரே பண்டத்தில். டாக்டரிடம் கேட்டேன். அவர் அம்மாவின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப் ஜோ மாங்கே, தே தோ" என்றார். இனி எது கேட்டாலும் கொடுங்கள் என்று. அந்த வாக்கியத்தின் அர்த்தம் எனக்கு உறைக்கச் சிறிது நேரம் பிடித்தது. ஆனால் ஆசையைக் கிளப்பாதே என்று அம்மா தானே சொன்னாளே. தெளிவாக இருந்தபோது சொன்ன அம்மாவைக் கேட்பதா, தூக்கத்தில் முனகும் அம்மாவைக் கேட்பதா? நான் குடுக்கக் கூடாது என்றேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியலம்மா" என்றார்.

அத்தை யாரையும் கேட்கவில்லை. பர்மியர் வீடுகளுக்குப் போய், எப்படிக் கேட்டாளோ, ஒரு சின்ன ஜாடியில் வாங்கிக்கொண்டு அடுத்த நாள் பார்வை நேரத்தில் வந்துவிட்டாள். முந்தானையால் மூக்கைக் கட்டியிருந்தாள். நான் எழுந்து வருவதற்குள் படுக்கையருகே நின்று மூடியைத் திறந்தாள்.

வார்டே திரும்பியது. யாரோ "ஹே பகவான்" என்றாள். எனக்கு என்ன ஆனது என்றால், அத்தனை நாள் பிடித்துவைத்திருந்த மூஞ்சி மொத்தமாகக் கழன்றது. மூக்கு ஏறியது, உதடு பிதுங்கியது, கண்ணில் நீர் வந்தது, ஓங்கரித்தேன். "ச்சீ, மூடுங்க அத்தை, மூடித் தொலைங்க!" என்று கத்தினேன்.

அம்மா கண்ணைத் திறந்தாள்.

ஜாடியைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்க்கவில்லை. என் மூஞ்சியை நேராகப் பார்த்தாள்.

"தனம்" என்றாள். "வந்துட்டியா?"

நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"கப்பல்ல வாந்தி எடுத்தியா? மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கெடக்கு? சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா."

"மதினி, புள்ளைக்கு அந்த நாத்தம் ஆகாது. கொண்டுபோயி வெளிய வையிங்க."

அத்தை கொண்டுபோய் வெளியே வைத்தாள். ஒரு சொட்டுகூட அம்மாவின் நாக்கில் படவில்லை. அம்மா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அந்த அழுகிய பழ வாடை அவள் மூச்சில் வந்துகொண்டேயிருந்தது. நான் அதைத் தாங்காமல் சுளித்துக்கொண்டேதான் குனிந்திருந்தேன், அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அப்படியே தூங்கினாள். அந்தத் தூக்கத்திலிருந்து எழவில்லை. மறுநாள் விடிகாலையில் மூச்சு நின்றது.

அதற்குப் பிறகு வந்து ஆறுதல் சொன்னவர்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அம்மா எங்கே போனாள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பட்டறைக்காரர் ஒருவர் சாமிகிட்ட போயிட்டாங்க என்றார். மணப்பாட்டுப் பக்கத்து அந்தோணியம்மாள் பரலோகம் என்றாள். பர்மிய வீட்டுப் பெண் ஒருத்தி, ஏழு நாள் வீட்டிலேயே இருப்பாள், குடிதண்ணீர்ப் பானையை மூடாதே என்றாள். எல்லாரும் வழி அனுப்பிவைத்துவிட்டு வந்தவர்கள் மாதிரி பேசினார்கள், பேசிக்கொண்டே காபி குடித்தார்கள். அத்தை மட்டும் மிச்சமிருந்த துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் தானத்துக்கு அந்தப் பிக்கு வந்தார். சாப்பாடு முடிந்ததும் நடந்ததைச் சொல்லிக் கேட்டேன். கடைசியாக அவள் மனதில் நின்றது நான்தான், அப்படியானால் என்ன கணக்கு என்று. அவர் சுற்றி வளைக்கவில்லை. அது பற்று என்றார். மகள் மேல் வைத்த பற்று. கெட்ட இடத்துக்குப் போக வேண்டியதில்லை, ஆனால் விடுதலையும் இல்லை. மறுபடி ஏதோ ஒரு வீட்டில் மனிதப் பிறவிதான் இருக்கும், உறுதியாகச் சொல்ல நான் யார் என்றார். மற்றவர்களைவிட அவர் பரவாயில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது பல்லில் சிக்கிய கீரையை நாக்கால் துழாவிக்கொண்டிருந்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அம்மா கழற்ற நினைத்த முடிச்சை என் மூஞ்சி மறுபடி கட்டிவிட்டது. அவள் நம்பிக்கைப்படி பார்த்தால் நான் அவளைக் கெடுத்தேன். எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. பிக்கு சொன்னது சரியென்றால் அம்மா இப்போது எங்கோ ஒரு வீட்டில், தவழ்கிற வயதில் இருப்பாள். மூக்கு ஒழுகும். இருந்த இடத்திலேயே போய்விட்டு அதிலேயே உட்கார்ந்து கையை அளைவாள். யாரோ ஒருத்தி ச்சீ ச்சீ என்று முகத்தை அஷ்டகோணலாக வைத்துக்கொண்டு தூக்கிப்போய்க் கழுவுவாள். அந்த முகத்தைப் பார்த்து அது சிரிக்கும், தெரிந்த முகம் என்று.